இடிவாளனின் அறுவடை

பஞ்சநதம் பகடை உருட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். நல்ல எண் விழுந்தால் மேசையைத் தட்டி ஊரைக் கூட்டுவான். மோசமான எண் விழுந்தால், "செல்லாதுக்கா, தட்டுல பட்டுருச்சு" என்பான். வடைத் தட்டு, டீ டம்ளர், இளையபெருமாளின் முழங்கை, மின்விசிறிக் காற்று என்று அவன் தோல்விக்கு எப்போதும் வேறு யாராவதுதான் பொறுப்பு. ஒருமுறை கூட்ஸ் வண்டி போய் மேசை அதிர்ந்ததால் செல்லாது என்றான். நீடாமங்கலத்தில் கூட்ஸ் போகாத நேரம் பார்த்துத்தான் உருட்ட வேண்டுமென்றால் நாங்கள் வேறு ஊருக்குக் குடிபோக வேண்டியதுதான்.

என் ஜெராக்ஸ் கடை ரயில்வே கேட்டை ஒட்டி இருக்கிறது. கேட் மூடினால் ஊர் நின்றுவிடும். பஸ், லாரி, ஆம்புலன்ஸ், மாப்பிள்ளை கார் எல்லாம் வரிசையில் நின்று ஹார்ன் அடிக்கும். வெயிலுக்குப் பயந்தவர்கள் என் கடைக்குள் ஏறி, தேவையோ இல்லையோ ஆதார் கார்டை ஒரு பிரதி எடுத்துக்கொள்வார்கள். என் பிழைப்பு பாதி அந்தக் கேட்டால் நடக்கிறது. எங்கள் விளையாட்டுக் கூட்டமும் அந்தக் கேட்டால் சேர்ந்ததுதான்.

என் தம்பி ஜெக்கரியா ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தபோது ஒரு சுருக்குப் பை நிறையப் பகடைகள் கொண்டுவந்தான். அதில் இருபது முகம் உள்ள பகடைகூட இருந்தது. அங்கே அறைத் தோழர்களோடு விளையாடிப் பழகினானாம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்த உலகத்தில் தான் என்ன செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் பலித்தது, சின்ன எண் என்றால் இல்லை. லீவு முடிந்து தம்பி போய்விட்டான். பையும், உலகத்தைச் சொல்லும் வேலையும் என்னிடம் தங்கிவிட்டன. கணவரும் கடல் கடந்து இருக்கிறார், மகள் திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் அரக்கர்களையும் பேய்களையும் நான் மேய்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

கேட் மூடியிருந்த ஒரு மதியம் கடைக்குள் மாட்டிக்கொண்ட மூன்று பேர்தான் என் ஆட்டக்காரர்கள். மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருக்கும் இளையபெருமாள், பரமசாது. கணக்கு டீச்சர் தங்கம்மாள், கேள்வித்தாள் நகல் எடுக்க வந்தவர். அறுவடை மெஷினின் ஆர்.சி. புத்தகத்தை நகல் எடுக்க வந்தவன் பஞ்சநதம். அவர்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் நாற்பது வேலி, அதாவது இருநூற்றறுபது ஏக்கருக்கு மேல், நிலம் இருந்தது. நில உச்சவரம்புச் சட்டத்தில் போனது, கோர்ட்டில் போனது, சீட்டாட்டத்தில் போனது போக, இன்று பன்னிரண்டு ஏக்கரும் கடனில் வாங்கிய ஒரு மெஷினும் மிச்சம். குரல் மட்டும் இன்னும் நாற்பது வேலிக்குப் பேசும்.

சுவருக்குச் சுவர் 'மீத்தேன் எடுக்க விடமாட்டோம்' என்று எழுதியிருந்த வருடம் அது. கடைக்கு மேலே நாங்கள் விளையாடும் மாடி அறையில் மட்டும் அந்தப் பேச்சு இல்லை. இளையபெருமாள் பனிமலைச் சித்தர் ஆனான். மந்திரத்தை வீணாக்கக் கூடாது என்று கடைசிவரை உபயோகிக்காமலே வைத்திருக்கும் சித்தர். டீச்சர் வேம்பு என்ற மருத்துவச்சி. பஞ்சநதம் இடிவாளன், கையில் ஏழடி வாள்.

இந்த இடிவாளனை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமா? சத்திரத்தில் சாப்பிட்டுவிட்டுக் காசு கேட்டவனைத் தூக்கிக் கிணற்றில் போட்டான். தூது போன இடத்தில் ராஜாவின் தாடியைப் பிடித்து இழுத்தான். வேம்பு நாள் முழுக்கப் பேசிச் சமாதானம் செய்துவைத்த இரண்டு ஊரை, ஒரே ஒரு ஏப்பத்தில் சண்டைக்கு இழுத்துவிட்டான். ஏனப்பா இப்படி என்று கேட்டால் தயாராக ஒரு பதில் வைத்திருந்தான்.

"நானாக்கா செய்யிறேன்? என் கேரக்டர் அப்படி."

எனக்குக் கோபம் வந்தால் அடக்கத் தெரியாது. ஆட்டம் நடத்துகிறவளுக்கு வானமும் பூமியும் கையில் இருக்கிறது. அவன் தலையில் இடி இறக்கினேன். ஜெயிலில் போட்டேன். புலியை ஏவினேன். சூனியக்காரி ஒருத்தியை வரவழைத்து அவன் மூக்கைச் சுரைக்காய் அளவுக்கு நீளச் செய்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை. புலியைக் கட்டிப்பிடித்து உருண்டான். சுரைக்காய் மூக்கோடு ஊர்வலம் போனான். நான் தண்டிக்கத் தண்டிக்க ஆட்டம் அவனைச் சுற்றியே நடந்தது, அவனுக்கு அதுதான் வேண்டியிருந்தது. டீச்சரும் சித்தரும் தங்கள் முறை வரட்டும் என்று வடையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, பொறுப்பு வந்தால் புத்தி வரும் என்று நானும் நம்பினேன். அரக்கனைக் கொன்றதற்குப் பரிசாக ராஜா இடிவாளனுக்குச் சம்பாப்பேட்டை என்ற கிராமத்தைத் தானம் செய்தார். பத்து வேலி நன்செய், ஒரு வாய்க்கால், வயலோரத்தில் உழைக்கும் ஜனங்களின் குடிசைகள். அந்த ஜனங்களுக்குத் தலைவி கண்ணாத்தாள் என்று ஒரு கிழவியை வைத்தேன். பஞ்சநதத்துக்கு ஒரே குஷி. என்ன ரகம் நடுவது, எந்த மடை வழியே தண்ணீர் விடுவது என்று அரை மணி நேரம் பேசினான். அரக்கன் பேய் எல்லாம் மறந்துபோயிற்று. பரவாயில்லையே, பையன் தேறிவிட்டான் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு, ஒரு மலைக்கோட்டையைப் பிடிக்கப் போக வேண்டும், மூட்டை சுமக்க ஆள் அனுப்பு என்று கண்ணாத்தாளிடம் கேட்டான்.

கண்ணாத்தாளாக நான் பதில் சொன்னேன். "கதிர் பால் புடிக்கிற நேரம் ஐயா. தண்ணி பாக்கணும், எலி பாக்கணும். இப்ப ஆள் அனுப்ப முடியாது."

"முடியாதா? எங்கிட்டயே முடியாதுங்கிறியா?" பஞ்சநதம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "அக்கா, நான் பந்தத்தை எடுக்கிறேன். குடிசைக்கு நெருப்பு வைக்கிறேன்."

"தம்பி, யோசிச்சுச் சொல்லு" என்றேன்.

"என்ன யோசனை? என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்று பகடையை உருட்டினான். பகடை எதிலும் படாமல் நடு மேசையில் நின்றது. இருபது.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. யார் உருட்டி இருபது விழுந்தாலும் எல்லோரும் கைதட்டுவோம். கை பழகிப்போயிற்று. இளையபெருமாள் தட்டினான், நானும் தட்டினேன். பஞ்சநதம் இரண்டு கையையும் தூக்கிக் கூவினான்.

டீச்சர் தட்டவில்லை. தன் பாத்திரத்தின் குறிப்புத்தாளை நாலாக மடித்தார். கைப்பையை எடுத்துக்கொண்டார். "எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு" என்று சொல்லி மாடிப்படி இறங்கிப் போனார். கேட் மூடியிருந்தது. ஸ்கூட்டியை வரிசையில் நிறுத்தி, வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். கடைக்குள் வந்து நிற்கலாமே என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவரே கடைக்கு வந்தார், அரையாண்டுத் தேர்வுக் கேள்வித்தாளோடு. நான் மெஷினை ஓடவிட்டேன். அந்தச் சத்தத்தில் பேசுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும்.

"நான் இனிமே வரலம்மா நூர்ஜஹான். கோவம் எல்லாம் இல்ல."

"டீச்சர், அந்தப் பய ஒரு முரடன். நான் அவனை..."

"எங்கப்பாவுக்குக் கல்யாணம் ஆன புதுசு. கூலி ஒசத்திக் கேட்டு ஊர்ல கொடி ஏத்துனாங்க. ஒரு ராத்திரி எங்க தெரு எரிஞ்சிருச்சு. உசுருச் சேதம் இல்ல, சாமி புண்ணியம். வீடு, வெத நெல்லு, ஆட்டுக்குட்டி எல்லாம் போச்சு. போலீஸ் வந்து எழுதுனாங்க. அடுப்புப் பொறி பறந்து கூரை புடிச்சுக்கிச்சுன்னு. ஏழு வீட்டு அடுப்புலயும் ஒரே நேரத்துல பொறி பறந்துச்சாம்." டீச்சர் வந்து விழும் தாள்களை எடுத்து விளிம்பு சேர்த்துத் தட்டினார். "யாருன்னு ஊருக்கே தெரியும். பஞ்சநதம் குடும்பம் இல்ல, அந்த ஊரே வேற. எங்கப்பா எங்களப் படிக்க வச்சாரு. வீடு கட்டுனாரு. சாகுற வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. எவனாவது ஒருத்தன், நாந்தான் வச்சேன்னு ஒரு வார்த்த சொல்லலியேன்னு."

நான் அடுத்த தாளை மெஷினில் வைத்தேன்.

"அவன் சொன்னது கூட எனக்குப் பெருசாத் தெரியல. வெளையாட்டுதான. இருபது விழுந்துச்சு, நீங்கள்லாம் கை தட்டுனீங்க பாருங்க..." தாளுக்குக் காசு கொடுத்தார். வாங்க மறுத்தேன். மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இந்த ஊரில் எனக்கு வாடிக்கையாளர்கள் ஆயிரம் பேர், சிநேகிதி என்று ஒருத்தர்தான். மனசுவிட்டுச் சிரிக்கும் மூன்று மணி நேரம் வாரத்தில் அந்த ஞாயிறு மட்டும்தான், அவருக்கும் அப்படித்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். டீச்சர் திரும்பி வராவிட்டால் பகடைப் பையைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு முன்னால் பஞ்சநதத்தை ஒரு வழி பண்ண வேண்டும்.

அவனைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. புதன்கிழமை கேட் மூடியபோது லாரியில் ஏற்றிய மெஷினோடு அவனே வரிசையில் நின்றான். நான் கடையை விட்டு இறங்கிப் போய், அவனைக் கீழே வரச் சொன்னேன். புளியமரத்தடியில் நிற்கவைத்துச் சொன்னேன், டீச்சர் சொன்னதை அப்படியே. எங்கிட்ட சொன்னத இவங்கிட்டச் சொல்லலாமா என்று டீச்சரிடம் போனில் கேட்டுக்கொண்டுதான் சொன்னேன்.

முதலில் சிரித்தான். "விளையாட்டுக்குச் சொன்னதுக்கா..." என்று ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்திவிட்டான். முகம் செத்துப்போயிற்று. அவன் கெட்டவன் இல்லை. தான் சொல்வது எங்கே போய் விழுகிறது என்று பார்க்கும் பழக்கம் அவன் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

"நான் இனிமே வரலக்கா. டீச்சர வரச் சொல்லுங்க. எனக்காக அவங்க ஏன் நிக்கணும்?"

"பெரிய தியாகி" என்றேன். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "வச்சவன் எந்திரிச்சுப் போயிட்டா எரிஞ்சது எரிஞ்சபடியே கெடக்கும். அதத்தான் எல்லாரும் செஞ்சாங்க. நீ வர்ற. வந்து உக்கார்ற."

டீச்சரை வரவழைக்கத்தான் பெரும்பாடு. இரண்டு வாரம் ஆட்டமே நடக்கவில்லை. மூன்றாவது வாரம் அவரே போன் செய்து, ஒரு நிபந்தனையோடு வருகிறேன் என்றார்.

"வேம்பு வேணாம். கண்ணாத்தாள எங்கிட்டக் கொடுத்துரு. அவ என்ன பேசுனாலும் நீ குறுக்க வரக் கூடாது."

கொடுத்தேன். என் உலகத்திலேயே எனக்குப் பிடித்த ஆள் அவள்தான். கொடுக்க மனசில்லாமல் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு பஞ்சநதம் ஒரு ஜாங்கிரிப் பெட்டியோடு வந்தான். டீச்சர் முன்னால் வைத்து, "டீச்சர், ஸாரி டீச்சர். தெரியாமச் செஞ்சிட்டேன்" என்றான்.

"மேசையில பேசிக்குவோம் தம்பி" என்றார் டீச்சர். பெட்டியைத் திறக்கவில்லை.

உட்கார்ந்ததும் என்னிடம் திரும்பினான். "அக்கா, ஒண்ணு செய்யலாம். அந்த நெருப்ப அழிச்சிருங்க. போன ஆட்டம் நடக்கவே இல்லன்னு வச்சுக்குவோம்."

"நடந்தது நடந்ததுதான். இங்க அழிக்கிறதுக்கு ரப்பர் கிடையாது."

"அப்ப தண்டன குடுங்க. இடிய இறக்குங்க. வாள ஒடைங்க. ஏத்துக்குறேன்."

"தண்டனையும் கிடையாது" என்றேன். இந்த முறை நான் யோசித்து வைத்திருந்தேன். இடியும் புலியும் என் கோபத்துக்கு நான் செய்தவை. இடிவாளன் செய்ததற்கு அந்த ஊர் என்ன செய்யும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசித்திருந்தேன். "குடிசை எரிஞ்ச ஜனங்க வாய்க்கால் கரைக்குக் குடி போயிட்டாங்க. உன்ன யாரும் ஒண்ணும் செய்யல. மாசம் ஒண்ணு போச்சு. தை பொறந்துருச்சு. உன் பத்து வேலியும் வெளஞ்சு தல சாஞ்சு நிக்கிது."

"எந்த மாதிரி வெளச்சல்?" என்றான் உடனே.

"கதிருக்குக் கதிர் மணி. பதரே இல்ல. இந்த மாதிரி வெள்ளாமைய உங்க தாத்தா காலத்துலயும் பாத்திருக்க மாட்ட."

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அறுப்புக்கு ஆள விடுறேன்."

"ஆள் இல்ல."

"கூப்புடுறேன்."

"வரல."

"பக்கத்து ஊர்ல கூப்புடுறேன். தங்கக் காசு தர்றேன்."

"வாய்க்கால் ஓடுற ஊருக்கெல்லாம் சேதி ஓடிருச்சு. குடிசைய எரிச்சவன் வயல்ல யாரும் அருவா வைக்கிறதா இல்ல."

"மெஷின்..." என்று ஆரம்பித்து அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். என் உலகத்தில் டீசல் கிடையாது. "சரி. நானே அறுக்கிறேன். என் குறிப்புத்தாள்ல இடிவாளனுக்குப் பலம் பதினெட்டுன்னு இருக்கு."

"உருட்டு."

உருட்டினான். பதினேழு. "அருமை" என்றேன். "பொழுது சாயறதுக்குள்ள ஒரு மூலை அறுத்துட்ட. கை கொப்புளிச்சிருச்சு. கட்டுக் கட்ட ஆள் இல்ல, களத்துக்குத் தூக்க ஆள் இல்ல. மிச்சம் நிக்கிது. சித்தரே, நீங்க வர்றீங்களா?"

இளையபெருமாள் தன் மந்திரங்களைப் புரட்டிப் பார்த்தான். "எங்கிட்டப் பனிக்கட்டியும் மூடுபனியும்தான் இருக்கு. கதிருக்கு ஆகாது" என்று வருத்தமாகச் சொன்னான்.

பஞ்சநதம் கதையின் மறுநாளுக்கு உருட்டினான், அதற்கு மறுநாளுக்கும் உருட்டினான். வாளால் அறுத்துப் பார்த்தான், மணி எல்லாம் சிதறிற்று. நான் அவசரப்படாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். நெல்லின் தாள் காய்ந்து மஞ்சள் தட்டியதைச் சொன்னேன். வரப்பில் நடந்தால் காலடியில் நெல் உதிர்ந்து கிடப்பதைச் சொன்னேன். காலையில் கிளிக்கூட்டம் இறங்கியதைச் சொன்னேன். பிறகு கிழக்கே, கடல் பக்கம், மேகம் கட்டுவதைச் சொன்னேன்.

இடிக்கும் புலிக்கும் சிரித்த பயலுக்கு நெற்றி வியர்த்தது. "கொட்டிருமேக்கா" என்றான். "மழை புடிச்சா சாஞ்சுரும். சாஞ்சா தண்ணிக்குள்ளயே மொளச்சுரும். பத்து வேலிக்கா!" விளைந்த பயிர் வயலில் கெடுவதை அவனால் காதால்கூடக் கேட்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் எவனாலும் முடியாது. அது கற்பனை நெல் என்று அவனுக்கு ஞாபகப்படுத்த யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவன் சொன்னான். "வாய்க்கால் கரைக்குப் போறேன்."

"குதிரையிலயா?"

"நடந்து." பிறகு டீச்சர் பக்கம் திரும்பினான். "கண்ணாத்தாளப் பாக்குறேன்."

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் மாறவில்லை, ஆனால் வகுப்பே அடங்கிப்போகிற குரல் அது. "வாங்க ஐயா. ஒக்காரச் சொல்ல எடம் இல்ல."

"கண்ணாத்தா, ஆள் அனுப்பு... அனுப்புங்க. வெளஞ்சது வீணாப் போவுது. பாதி நெல்லு உங்களுக்கு."

"நெல்லு பேச்சு அப்புறம். எங்க வீடெல்லாம் என்னாச்சு?"

"எரிஞ்சு போச்சு."

"எப்படி எரிஞ்சுச்சு?"

"தீ... தீப் புடிச்சிருச்சு."

"அப்படியா?" என்றார் டீச்சர். "அடுப்புப் பொறியா?"

பஞ்சநதம் என்னைப் பார்த்தான். நான் குறுக்கே வருவதில்லை என்று வாக்குக் கொடுத்தவள். பகடையை மட்டும் அவன் பக்கம் நகர்த்தினேன். எங்கள் விதிப்படி, ஒருவர் மனதை மாற்ற நினைத்தால் உருட்டலாம். பதினைந்துக்கு மேல் விழுந்தால் எதிராளி இசைந்தாக வேண்டும். அது அவனுக்கும் தெரியும். பகடையைக் கையில் எடுத்தான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கீழே கேட் மூடும் மணி அடித்தது. வண்டிகள் நின்றன, ஹார்ன்கள் ஆரம்பித்தன. வழக்கமாக அந்த நேரம் நாங்கள் ஆட்டத்தை நிறுத்தி டீ குடிப்போம். அன்றைக்கு யாரும் எழுந்திருக்கவில்லை.

"என் கேரக்டர்தான் டீச்சர்..." என்றான்.

"டீச்சர் இங்க இல்ல. கண்ணாத்தா கேக்குறேன். யாரு வச்சா?"

பகடையை மேசையில் வைத்தான். உருட்டவில்லை, சும்மா வைத்தான். அதை என் பக்கமாகத் தள்ளிவிட்டான்.

"நான்தான்" என்றான். "நான்தான் வச்சேன். ஆள் அனுப்ப முடியாதுன்னு சொன்னீங்க, அந்தத் திமிருல வச்சேன். பொறி இல்ல, ஒண்ணுமில்ல. என் கையால வச்சேன்."

நாற்பது வேலிக் குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஹார்ன் சத்தத்தில் அவன் சொன்னது பாதிதான் கேட்டது. ஆனால் கேட்க வேண்டியவருக்குக் கேட்டுவிட்டது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை முட்டிற்று. நான் எதற்கும் சுலபத்தில் அழுகிறவள் இல்லை.

"எங்கப்பா இத ஒருத்தன் வாயாலயும் கேக்காமயே போயிட்டாரு" என்றார் டீச்சர். அதைக் கண்ணாத்தாள் சொன்னாளா, அவர் சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை.

பஞ்சநதம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "நெல்லு கெடந்தாக் கெடக்குது. கொட்டுனா கொட்டட்டும். மொதல்ல உங்க கூரையப் போட்டுத் தர்றேன். எல்லா வீட்டுக்கும். நானே ஏறிப் போடுறேன்."

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதற்கு என்ன விலை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மழை மேகத்தின்கீழ் விளைந்த வயலை விட்டுவிட்டுக் கூரை வேய்கிறேன் என்கிறான்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "கூரைய எத வச்சுப் போடுவீங்க?"

"வைக்கோல்..." என்றவன் நிறுத்தினான்.

"குடிசையோட சேத்துப் பழைய வைக்கப்போரையும் எரிச்சது நீங்கதான். புது வைக்கோல் எங்க நிக்கிது?"

புது வைக்கோல் அறுக்காத வயலில்தான் நின்றது.

"எங்க ஆளுங்க வருவாங்க. உங்களுக்காக இல்ல, எங்க கூரைக்கு. நெல்ல நாங்க அளப்போம், நீங்க பாத்துக்கிட்டு நில்லுங்க. இல்ல, வேணாம், நிக்கக் கூடாது. வாள வச்சுட்டு அருவாளோட எங்க கூட எறங்கணும். கட்டுத் தூக்கணும்."

"தூக்குறேன்."

"மழை எப்ப?" என்று டீச்சர் என்னைக் கேட்டார்.

"உருட்டணும்" என்றேன். "எண் பெருசா விழுந்தா மழை தள்ளிப் போகும். சின்னதா விழுந்தா சாயங்காலமே புடிச்சிக்கும்."

"யாரு உருட்டுறது?"

"கண்ணாத்தா உருட்டட்டும்" என்றான் பஞ்சநதம்.

டீச்சர் பகடையை எடுத்து, கைக்குள் குலுக்கி, விட்டார். அந்த நேரம் பார்த்துக் கீழே கூட்ஸ் போயிற்று. நெல் மூட்டை ஏற்றிய நீளமான வண்டி. மேசை அதிர்ந்தது. பகடை உருண்டு ஜாங்கிரிப் பெட்டியில் மோதித் திரும்பி, டீ டம்ளரைத் தொட்டு நின்றது. நாலு.

நாலென்றால் பாதி வயல் தண்ணீருக்குப் போய்விடும். கூரைக்கு வைக்கோல் தேறும், இடிவாளன் வீட்டுக்கு நெல் தேறாது. மேசை அதிர்ந்திருக்கிறது, பெட்டி தடுத்திருக்கிறது, டம்ளரும் குறுக்கே நின்றிருக்கிறது. பஞ்சநதம் இதுவரை சொன்ன எல்லாக் காரணங்களும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்திருந்தன.

டீச்சர் அவனைப் பார்த்தார். "என்ன தம்பி, செல்லுமா?"

பஞ்சநதம் பகடையைப் பார்த்தான். பிறகு சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டான்.

"செல்லும் டீச்சர்" என்றான். "மழைக்கு முன்னாடி எறங்குவோம், வாங்க."